சென்னைச் சுவர்களும் அவற்றை எழுதிய கைகளும்

மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையில், சுதமதியோடு பூக்கொய்யப் புறப்பட்ட மணிமேகலை கடந்து செல்லும் புகார் நகரத்து வீதியைச் சாத்தனார் வருணிக்கும்போது, சமணத் துறவி ஒருவரை வழிமறித்துக் கள்ளருந்தச் சொல்லி வம்பு வளர்க்கும் குடியனைச் சுற்றி ஒரு கூட்டமும், கந்தல் அணிந்து திரியும் பித்தனைப் பின்தொடரும் ஒரு கூட்டமும், பேடிக் கோலத்துக் கூத்தைக் கண்டு நிற்கும் ஒரு கூட்டமும் இருந்தன என்று சொல்லிவிட்டு, அதே வரிசையில், வெள்ளைச் சுதை பூசிய சுவர்களில் தேவர் முதலாக எல்லா உயிர்களையும் எழுதி வைத்திருந்த சித்திரங்களைப் பார்த்து நிற்கும் ஒரு கூட்டத்தையும் சேர்த்துவிடுகிறார். பண்டைத் தமிழர் ஓவியக் கலையில் சிறந்திருந்தனர் என்பதற்குச் சான்றாக இப்பகுதியை எடுத்துக் காட்டுவது நம் ஆராய்ச்சியாளரின் வழக்கம். எனக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றுவது, அந்தச் சித்திரங்களுக்குப் புலவர் கொடுத்திருக்கும் அண்டை அயலார்: குடியன், பித்தன், கூத்தாடி. அரண்மனையின் அந்தரங்க மண்டபத்தில் அன்றி, தெருவின் வேடிக்கைகளோடு ஒரு வேடிக்கையாக, அனுமதியோ ஆயத்தமோ வேண்டாமல், போகிற போக்கில் நின்று பார்க்கத்தக்க பொருளாக ஓவியம் அங்கே இருக்கிறது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலிலும் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைக் காண வந்தவர்கள், இவர் யார், அவர் யார் என்று ஒருவரை ஒருவர் வினவ, விவரம் அறிந்தவர்கள் மன்மதனையும் ரதியையும், அகலிகையையும் பூனை உருக்கொண்ட இந்திரனையும் சுட்டிக்காட்டி விளக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

பழம்பெருமை பேசுவதற்காக இவற்றை நினைவூட்டவில்லை. புகாரின் சுவர்களுக்கும் இன்றைய சென்னையின் சுவர்களுக்கும் இடையே நேரான வமிசாவளி எதையும் காட்ட இயலாது. அப்படிக் காட்ட முயல்வது வீண் வேலையும்கூட. ஆனால் வீதிச் சுவரோவியம் என்றாலே அது நியூயார்க்கிலோ பெர்லினிலோ பிறந்து, விமானமேறி இங்கு வந்திறங்கிய நவீனச் சரக்கு என்று கருதும் அபிப்பிராயம் நம்மிடையே பரவியிருப்பதால், சென்னை நகரத்துச் சுவர்களை இந்த நகரத்தின் சரித்திரத்தைக் கொண்டே படித்துப் பார்க்கலாம் என்பது இக்கட்டுரையின் உத்தேசம். அவ்வாறு படிக்கும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. இந்நகரத்துச் சுவரில் தூரிகை பிடித்தவன், அவன் எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும், எக்காலத்திலும் பிறர் கொடுத்த பொருளையே எழுதி வந்திருக்கிறான்; பொருள் கொடுத்தவர் மாறிய வரிசையே சென்னைச் சுவரோவியத்தின் சரித்திரம்.

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு பழைய தெருவில் நடப்பவர், சுவர் என்பது இங்கு ஒருபோதும் வெறுமையாக விடப்பட்டதில்லை என்பதைச் சில நிமிஷங்களில் உணர்ந்துகொள்வார். கோயில் மதிலின் காவியும் வெள்ளையுமான நெடும்பட்டைகள், இது இன்னாருடைய இடம் என்று எழுத்தில்லாமலே அறிவிக்கும் மிகப் பழைய சுவரெழுத்து. அதைக் கடந்தால் கடைகளின் பெயர்ப் பலகைகள். அப்பால் சிமெண்டுக்கும் பனியனுக்கும் வேட்டிக்குமான விளம்பரங்கள். அவற்றின்மேல் சினிமாச் சுவரொட்டி, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பூப்பு நீராட்டு விழாச் சுவரொட்டி. பசையிலுள்ள மாவின் ருசிக்காக அவற்றை உரித்துத் தின்னும் மாடுகள். நாற்றத்துக்கு அஞ்சி வீட்டுக்காரர் மதிலடியில் பதித்து வைக்கும் தெய்வப் படத்து ஓடுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். பிள்ளையாரும் வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவும் ஒரே வரிசையில், முழங்கால் உயரத்தில், சிறுநீர் கழிக்க வருவோரைத் தடுக்கும் காவலராக நிற்கும் இந்த ஏற்பாட்டைப் போல் மதங்களின் சமரசத்தை இத்தனை நடைமுறைப் பயனோடு ஸ்தாபித்த வேறோர் அமைப்பை நான் அறியேன்.

இவை எல்லாவற்றிலும் கலை ஆராய்ச்சியாளர் குறைவாகக் கவனித்ததும், நிறையக் கவனிக்கத்தக்கதும் கட்சிகளின் சுவரெழுத்துதான். 1949-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் மேடையையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் பிரசார சாதனங்களாகக் கைக்கொண்ட வரலாறு பலரால் எழுதப்பட்டிருக்கிறது. சுவரை அது கைக்கொண்ட விதம் அவ்வளவு விரிவாக எழுதப்படவில்லை. 1967-இல் அக்கட்சி ஆட்சியைப் பிடித்ததும், 1972-இல் எம்.ஜி.ஆர். பிரிந்து சென்று அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்ததும் சுவர்களின்மேல் இரு பெருங்கட்சிகளின் போட்டியை நிலைநாட்டின. தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே, வேட்பாளர் யார் என்பது கட்சித் தலைமைக்கே நிர்ணயமாகாத காலத்திலேயே, வட்டச் செயலாளரின் ஆட்கள் வாளியும் மட்டையுமாகப் புறப்பட்டு, நல்ல சுவர்களுக்கெல்லாம் ஒரு பூச்சுச் சுண்ணாம்பு அடித்து, ஓரத்தில் கட்சியின் பெயரையும் 'ரிசர்வ்' என்னும் சொல்லையும் ஆண்டையும் எழுதி வைத்துவிடுவார்கள். வீட்டின் சொந்தக்காரரைக் கேட்பது சிலவேளை நடக்கும், பலவேளை நடப்பதில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எவர் பெயரில் இருந்தாலும், தெருவை நோக்கிய சுவரின் வெளிப்புறம் தெருவில் செல்வாக்குள்ளவருக்கே உரியது என்பது எழுதப்படாத சாசனம். எதிர்க்கட்சிக்காரர் அதன்மேல் எழுதினால் கைகலப்பு வரையிலும் போகும். 2014-இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' திரைப்படம் வடசென்னையின் குடியிருப்பு ஒன்றில் ஒரே ஒரு சுவருக்காக இரு கோஷ்டிகள் கொலைவரை செல்வதைக் கதையாகக் கொண்டது. அதை மிகையான கற்பனை என்று அந்தப் பக்கத்து மனிதர் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தச் சுவரை எழுதும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். சுண்ணாம்பு உதிராமல் ஒட்டுவதற்காக வச்சிரப் பசையும், மஞ்சளித்துப் போகாமல் பளிச்சென்று தெரிவதற்காகச் சிறிது நீலமும் கலந்து அடித்து, அது காய்ந்தபின், வண்ணப்பொடி தோய்ந்த நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட, சுவரில் நேர்க்கோடுகள் விழும். தலைமைக் கைக்காரர் எழுத்துகளின் புறக்கோட்டை மட்டும் இழுத்துக்கொண்டே நடப்பார். உள்ளே வண்ணம் நிரப்புவது சீடப்பிள்ளையின் வேலை. இறுதியில் ஒருபக்கமாக நிழலிட்டால் எழுத்து சுவரைவிட்டுப் புடைத்து எழுந்ததுபோல் நிற்கும். தமிழ் எழுத்து இந்த வேலைக்கு எளிதில் வசப்படுவதன்று. 'ர'வும் 'ப'வும் கொள்ளும் இடத்தைப் போல் இருமடங்கு இடத்தை 'ண'வும் 'ஞ'வும் கேட்கும். கொம்பு முன்னால் வந்து நிற்கும். புள்ளி கோட்டுக்கு மேலே தலைநீட்டும். 'ழு' வந்தால் கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கும். அளவுகோல் இல்லாமல், கண்ணால் மட்டும் கணக்கிட்டு, தலைவரின் பெயரைக் கடைசி எழுத்து நெரியாமல் சுவரின் விளிம்புக்குள் முடித்துவிடுகிற கையை ஓவியக் கல்லூரிகள் உண்டாக்கியதில்லை. உதயசூரியனின் கதிர்களையும் இரட்டை இலையின் நரம்புகளையும் அந்தக் கை சில விநாடிகளில் போட்டுவிடும்.

பழைய சுவரெழுத்தின் காலத்தை நிர்ணயிப்பதற்கு அந்த எழுத்துகளே உதவுகின்றன. 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டபோது, தும்பிக்கை தூக்கிய பழைய ஐகார வடிவங்களும், சுழித்து எழுதப்பட்ட ணா, றா, னா வடிவங்களும் பாடநூல்களிலிருந்து மறைந்தன. ஆனால் பெயர்ப் பலகை எழுதுவோரின் கை அரசாணைக்கு உடனே கட்டுப்படவில்லை. காரை பெயர்ந்த ஒரு சுவரில் தும்பிக்கையுள்ள 'லை' தென்பட்டால், அது அச்சீர்திருத்தத்துக்கு முந்தியது அல்லது அதற்கு முன் தொழில் பழகிய ஒருவர் எழுதியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கல்வெட்டாய்வாளர் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பதற்கு இதுவும் அந்நியமான வேலை அன்று.

சுவரில் எவர் பெயர் எழுதப்படுகிறது என்பதில்தான் நியூயார்க்கிலிருந்து சென்னை வேறுபடுகிறது. 1971-ஆம் ஆண்டில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை 'டாக்கி 183' என்னும் பெயரைச் சுரங்க ரயில் நிலையங்களிலும் சுவர்களிலும் நகரெங்கும் எழுதி வந்த இளைஞனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. 183 என்பது அவன் குடியிருந்த தெருவின் எண். தன் செல்லப் பெயரையும் தன் தெருவின் எண்ணையும் ஊரறிய எழுதுவதன்றி அவனுக்கு வேறு நோக்கம் இல்லை; அவனைப் பின்பற்றிய நூற்றுக்கணக்கானவர்களுக்கும் இல்லை. மேல்நாட்டு 'கிராஃபிட்டி' என்பதன் ஜீவநாடி இந்த 'நான்' என்னும் பிரகடனம். சென்னைச் சுவரில் எழுதியவனோ பிறருடைய பெயரைப் பத்தடி உயரத்தில் எழுதிவிட்டு, தன் பெயரைச் சுவரின் கீழ் மூலையில், 'ஆர்ட்ஸ்' என்னும் சொல்லோடு சேர்த்து, நான்கு விரற்கடை உயரத்தில் எழுதினான். பிற்காலத்தில் அதன் பக்கத்தில் தொலைபேசி எண்ணும் சேர்ந்தது. அடுத்த வேலைக்கு ஆள் தேடி வரவேண்டும் என்பதற்காக எழுதிய விலாசமே அவனுடைய கையொப்பம்.

சட்டம் இந்த எழுத்துகளை எப்போதும் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்து வந்திருக்கிறது. திறந்தவெளி இடங்களின் உருச்சிதைவைத் தடுப்பதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1959-லேயே இயற்றப்பட்டுவிட்டது. அதன் கீழ்ப் பொது இடங்களிலிருந்து பார்வைக்குப் படும் சுவர்களில் சுவரொட்டி ஒட்டுவதும் எழுதுவதும் குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்க, அதை நிறைவேற்றவேண்டிய ஆட்சியைப் பிடிப்பதற்கே சுவரெழுத்து துணைசெய்து வந்ததால், இரண்டும் ஒன்றையொன்று காணாததுபோலப் பல ஆண்டுகள் பழகி வந்தன. 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன் தேர்தல் நடத்தை விதிகளைக் கடுமையாகப் பிரயோகிக்கத் தொடங்கியபின்னரே, தேர்தல் காலங்களிலேனும் கட்சிக்காரர்கள் சுவர்களைத் தாங்களே வெள்ளையடித்து மறைக்கும் காட்சியை நகரம் கண்டது.

எழுத்தோவியருக்கு உண்மையான இடி சட்டத்திலிருந்து வரவில்லை, இயந்திரத்திலிருந்து வந்தது. அண்ணா சாலையின் இருமருங்கிலும் சினிமா நாயகரும் அரசியல் தலைவரும் மாடி உயரத்துக்கு நின்ற காலத்தில், கட்டம் போட்டுச் சிறு புகைப்படத்தைப் பேருருவாகப் பெருக்கும் வித்தையை அறிந்த கலைக்கூடங்கள் சென்னையில் பல இருந்தன; ஒட்டுப்பலகையில் வெட்டி எடுத்துச் சவுக்குக் கம்பங்களில் கட்டி நிறுத்திய அந்த 'கட்-அவுட்'டுகளைக் காண்பதற்கென்றே வெளியூர்க்காரர் வருவதுண்டு. பிரமிந்தா ஜேக்கப் என்னும் ஆய்வாளர் தென்னாட்டுச் சினிமா, அரசியல் பதாகைகளைப் பற்றி எழுதிய விரிவான நூல் 2009-இல் வெளிவந்தபோது, அந்தத் தொழில் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. இரண்டாயிரத்தையொட்டிய ஆண்டுகளில் கணினியிலிருந்து நேராக வினைல் துணியில் அச்சிடும் இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. ஓவியர் ஒரு வாரம் செய்த வேலையை அவை ஓர் இரவில், குறைந்த விலைக்குச் செய்தன. 'ஃபிளெக்ஸ்' என்னும் சொல் வீட்டுக் கல்யாணம் வரையில் வந்துவிட்டது. இருபது முப்பது ஆண்டுகள் முகம் எழுதியவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கவும், ஆட்டோ ஓட்டவும், அச்சு இயந்திரத்தின் முன் கணினியில் அமர்ந்து பிறர் முகத்தை வெட்டி ஒட்டவும் போனார்கள்.

இவ்வளவும் நேர்ந்தபின்தான், 2009-ஆம் ஆண்டில், மா. சுப்பிரமணியன் மேயராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி அண்ணா சாலையிலும் காமராசர் சாலையிலும் சுவரொட்டிகளைத் தடைசெய்து, அவற்றின் இடத்தில் ஓவியங்கள் எழுதுவிக்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் மற்றச் சாலைகளுக்கும் விரிந்தது. மாமல்லபுரத்துச் சிற்பங்கள், கோபுரங்கள், கரகமும் காவடியும், ஏறு தழுவுதல், வயல், நீர்நிலை, விலங்கு, பறவை ஆகியன சுவர்களை நிறைத்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் வேலையிழந்த பதாகை ஓவியர்கள். நெதர்லாந்து மானிடவியலாளர் ரூஸ் கெரிட்சன் இவ்வோவியங்களை ஆராய்ந்து, நகரம் தன்னை உலகத்தரமான நகரமாகக் காட்டிக்கொள்ள விரும்பும் ஆசையோடும், நடிகர் படமும் தலைவர் படமும் அநாகரிகமானவை என்று கருதும் மத்தியதர வர்க்கத்தின் ரசனையோடும் அவற்றைத் தொடர்புபடுத்தியிருக்கிறார். அந்தக் கருத்து எனக்கும் உடன்பாடே. சுவரை அலங்கரிக்கவேண்டும் என்னும் ஆர்வத்தைக் காட்டிலும் சுவரொட்டியை விரட்டவேண்டும் என்னும் நோக்கமே அத்திட்டத்தின் மூலகாரணம். மதிலடியில் பதித்த தெய்வப் படங்களின் வேலையை இங்கே நடராசரும் நந்தியும் பெரிய அளவில் செய்தார்கள்.

கலை என்ற அளவில் அவற்றை உயர்வாக மதிப்பிட என் மனம் இடந்தரவில்லை. பலவும் நாட்காட்டிப் படங்களிலிருந்தும் சுற்றுலாத் துறைப் புகைப்படங்களிலிருந்தும் எடுத்துப் பெரிதாக்கியவை. நாயகனின் கன்னத்தில் இளஞ்சிவப்பையும் இளநீலத்தையும் அஞ்சாமல் இழைத்த அதே கை, சிற்பத்தின் கல் நிறத்தை எழுதும்போது உயிரற்று நடந்திருக்கிறது. ஆனால் அவற்றைப் பார்த்துக்கொண்டே நெடுந்தூரம் நடந்தால் வேறொன்று புலப்படும். இத்தனை மைல் நீளத்துச் சித்திரங்களில் சென்னை நகரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. மீன் சந்தை இல்லை. பேருந்தில் தொங்கும் மாணவர் இல்லை. தண்ணீர் லாரியின் முன் வரிசையில் நிற்கும் வண்ணக் குடங்கள் இல்லை. கிராமமும் கடந்த காலமும் சுவரில் இருக்க, அவற்றின் முன்னால் நிகழ்காலம் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நகரவாசிக்குத் தன் நகரத்தைக் காட்ட அந்தத் திட்டம் விரும்பவில்லை. தமிழ்ப் பண்பாடு என்று பாடநூல் சொல்வதைக் காட்ட விரும்பியது. பொருள் கொடுத்தவர் கட்சியாயிருந்து மாநகராட்சியாக மாறினாரே ஒழிய, எழுதுபவனைக் கேட்டவர் ஒருவருமில்லை.

இதற்கிடையில் டெல்லியில் வேறொரு முயற்சி உருவாகி வந்தது. 2014-இல் தொடங்கப்பட்ட 'ஸ்டார்ட் இந்தியா' என்னும் அமைப்பு அவ்வாண்டிலேயே அங்குள்ள காவல்துறைத் தலைமையகத்தின் உயர்ந்த சுவரில் காந்தியடிகளின் மாபெரும் உருவத்தை எழுதுவித்தது. ஜெர்மானியரான ஹென்ட்ரிக் பெய்கிர்ஷும் அன்பு வர்க்கியும் அதைத் தீட்டினர். பின்னர் லோதி காலனியில் அரசு ஊழியர் குடியிருப்புகளின் சுவர்களையெல்லாம் ஓவியங்களால் நிறைத்து, அதை ஓர் ஓவியப் பேட்டையாகவே ஆக்கினார்கள். இவ்வமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஹனீஃப் குரேஷி, 2024-இல் காலமானவர், அதற்கு முன்பே இந்தியத் தெருக்களின் பெயர்ப் பலகை எழுத்தோவியர்களைத் தேடிச் சென்று, அவர்களுடைய எழுத்து வடிவங்களைச் சேகரித்து, கணினி எழுத்துருக்களாக மாற்றிப் பாதுகாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். நவீன வீதி ஓவியம் நம் தெருவுக்குப் புறம்பான இறக்குமதி என்று வாதிப்போர், அந்த இயக்கத்தின் நடுநாயகமாக இருந்தவர் வச்சிரமும் வண்ணப்பொடியும் கலந்தவர்களிடம் பாடம் கேட்டவர் என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதே அமைப்பு, வண்ணப்பூச்சு உற்பத்தி செய்யும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து, 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் தேர்ந்தெடுத்த இடம் கண்ணகி நகர். துரைப்பாக்கத்தையொட்டி, பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இக்குடியிருப்பு 2000-ஆம் ஆண்டில் உருவாகத் தொடங்கியது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களையும், 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களையும் குடிசை மாற்று வாரியம் இங்கே குடியேற்றியது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒன்றன் முகத்தை ஒன்றில் பதித்தெடுத்தாற்போன்ற அடுக்குகளாக எழுந்தன. வீட்டு வேலைக்கும் சுமைப் பணிக்கும் மீன் விற்கவும் நடந்தே போய்வந்த இடங்கள் எல்லாம் ஒரே நாளில் இரண்டு பேருந்துகளுக்கு அப்பால் போய்விட்டன. மதுரையை எரித்தவளின் பெயரை, தங்கள் ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் குடியிருப்புக்குச் சூட்டியவர்கள் எதை நினைத்துச் சூட்டினார்களோ தெரியாது. ஊர்ப்பெயரைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்பது அங்குள்ள இளைஞர்களின் நெடுநாளைய முறையீடு.

இங்கு எழுதப்பட்ட சுவர்களில் என்னைக் கவர்ந்தவை, சென்னையைச் சேர்ந்தவரும் 'ஏ-கில்' என்னும் புனைபெயரால் அறியப்படுபவருமான ஓவியர் தீட்டிய சிறுவர் முகங்கள். அவர் புகைப்படத்தைப் போன்ற நுட்பத்தோடு எழுதுபவர். கண்ணிமைக்கு அடியிலுள்ள ஈரம்கூட மூன்று மாடி உயரத்தில் தெரியும். ஆனால் அருகில் சென்றால் தெளிப்பான் விட்ட புகைபோன்ற பிசிறுகளும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய நிறத்தின் விளிம்புகளும் அன்றி முகம் என்று ஒன்றும் இராது. பதாகை ஓவியர் கையாண்ட உபாயமும் இதுவேதான்; தூரத்திலிருந்து பார்ப்பவரை உத்தேசித்து, அருகில் நிற்பவருக்குப் புரியாத வர்ணங்களைத் துணிந்து வைப்பது. மேற்கு வெயில் படும் சுவரில் இச்சிவப்புகள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது வேறு விஷயம். பழைய காவிக்கல் சிவப்பு நூற்றாண்டுகளைத் தாங்குவதற்குக் காரணம் அது இரும்புத் துரு என்பதே. இக்கால ஒளிர் சிவப்புகளில் பல அந்த வம்சம் அல்ல. கடற்காற்றும் வெயிலும் அவற்றைத்தான் முதலில் தின்னும்.

இந்த முகங்களால் சென்னைச் சுவரில் நிகழ்ந்த மாறுதலைக் குறைத்து மதிப்பிடலாகாது. அறுபது ஆண்டுகளாக இந்நகரத்தில் மாடி உயரத்துக்கு எழுதப்பட்ட முகம் என்றால் அது தலைவருடையது, நடிகருடையது அல்லது தெய்வத்தினுடையது. பெயர் அறியப்படாத ஒரு குழந்தை, எந்தச் சின்னமும் எந்த முழக்கமும் உடன் இல்லாமல், அதே அளவில் சுவரேறியது புதிய நிகழ்ச்சி. அடுத்த ஆண்டில் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் மிக நீண்ட வெளிச்சுவரில் இதே ஓவியர், டெல்லியைச் சேர்ந்த 'கத்ரா' என்பவரோடு சேர்ந்து, எச்.ஐ.வி. தொற்றுள்ளோரும் இல்லாதோரும் கலந்து நிற்கும் முகங்களின் வரிசை ஒன்றைத் தீட்டினார். எவர் தொற்றுள்ளவர், எவர் இல்லாதவர் என்று பார்ப்பவர் கண்டுபிடிக்க முடியாது என்பதே அதன் பொருள். பிரசாரம்தான்; ஆனால் மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு எதிரில், ஆளரவம் குறைந்த அந்தச் சாம்பல் நிற நிலையத்துக்கு அதனால் வந்த உயிர்ப்பைக் காலை நேரத்து நெரிசலில் அச்சாலையில் காத்து நின்றவர்கள் அறிவார்கள்.

ஆயினும் கண்ணகி நகர்ச் சுவர்களைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம் தீரவில்லை. வாரியத்தின் சாம்பல் சுவருக்கு வண்ணம் வந்தது. வண்ணம் வந்ததால் புகைப்படக்காரரும் பத்திரிகைக்காரரும் வந்தனர். ஊரின் பெயருக்கு ஒட்டியிருந்த அவப்பெயர் சிறிதேனும் கழன்றது என்று அங்குள்ளோரே சொல்லக் கேட்டால் அதை மறுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த மக்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்னும் விஷயத்தை எந்தச் சுவரும் எழுதவில்லை. கூவக் கரையும் பழைய தெருவும் எந்தச் சித்திரத்திலும் இல்லை. பணம் தந்தவர் வண்ண வியாபாரி. இடம் தந்தது அவர்களைக் குடிபெயர்த்த அதே அரசு. இவ்விருவரும் கூடி நடத்தும் விழாவில் குடிபெயர்த்ததைப் பற்றிய சித்திரம் ஒன்று எழுமென்று எதிர்பார்ப்பது பேதைமை. முகம் மாறியிருக்கிறது; சுவரின் அதிகாரம் மாறவில்லை. அண்டை வீட்டுப் பையன் கரித்துண்டால் கிறுக்கிய தன் பெயரும், காதலன் ஒருவன் அம்பு தைத்து விட்டுப்போன இதயமும் அந்தப் பெருஞ்சித்திரங்களின் கீழ்ப்பகுதியில் ஆங்காங்கே சேர்ந்துகொண்டிருப்பதை ஓவியத்தைக் கெடுத்த செயலாக நான் கொள்ளவில்லை. சென்னையில் 'டாக்கி 183'-க்கு உறவினர் எவரேனும் இருந்தால் அவர்களைத் தேடவேண்டிய இடம் அதுதான்.

எழுதியதன்மேல் எழுதுவது நம் நாட்டுச் சுவர்களுக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய பிராகாரச் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்து வெளிப்படுத்தினார். நாயக்கர் கால ஓவியருக்கு அடியில் இருந்தது பழஞ்சுவர். நமக்கு அது பொக்கிஷம். எதை அழித்து எதைக் காப்பது என்பதை நாகரிகம் அவ்வப்போது மாற்றி மாற்றித் தீர்ப்பிட்டு வருகிறது. நம் காலத்து நீதிமன்றங்களும் இவ்விஷயத்தில் ஒரே வழி நிற்கவில்லை. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த, ஏறத்தாழ 140 அடி நீளமுள்ள வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் புதுப்பிக்கும் வேலையின்போது அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், படைப்பை அழிப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவில் கலைஞனுக்கு அளித்துள்ள தார்மிக உரிமையைப் பாதிப்பதாகும் என்று தீர்ப்பளித்து, எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்கவும் ஆணையிட்டது. அதே நீதிமன்றம் 2019-இல், இடிக்கப்பட்ட கண்காட்சி மண்டபம் ஒன்றைப் பற்றிக் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் தொடுத்த வழக்கில், கட்டடத்தை இடிக்கும் உரிமையாளரின் உரிமையைக் கலைஞரின் உரிமை தடுக்காது என்று கூறியது.

வீதிச் சுவரோவியம் இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவில் கிடக்கிறது. சேகலுக்கு அரசோடு ஒப்பந்தம் இருந்தது, பெயர் இருந்தது, வழக்கறிஞர் இருந்தார். சதுர அடிக் கணக்கில் கூலி பெற்று அண்ணா சாலையில் நந்தியும் நடராசரும் எழுதியவர்களோ, தங்கள் சித்திரத்தின்மேல் அடுத்த மாதமே சினிமாச் சுவரொட்டி ஏறியபோதும், பின்னொருநாள் வேறு வண்ணம் அடிக்கப்பட்டபோதும், எவரிடமும் ஒரு மனுக்கூடக் கொடுக்க வகையில்லாதவர்கள். 57-ஆம் பிரிவு படைப்பாளியைக் காக்கும். ஆனால் முதலில் படைப்பாளி இன்னார் என்று தெரியவேண்டும். மாநகராட்சியோ வாரியமோ இனியொரு சுவரை எழுதுவிக்கும்போது, எழுதியவரின் பெயரையும் எழுதிய ஆண்டையும் சுவரிலேயே, படிக்கும்படியான அளவில், ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனையாக எழுதுவித்து, அழிப்பதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்துப் பதிவேட்டில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். செலவு அதிகம் என்று அதிகாரிகள் சொல்ல இயலாது. இரண்டு சதுர அடி போதும்.